கச்சான் காற்றையும் வாடைக் காற்றையும் தாண்டி நிற்கும் செடி எது? கடலோர வீட்டுத் தோட்டத்துக்குச் செடி தேர்ந்தெடுக்கும் ஓராண்டுச் செய்முறை

ஐப்பசியில் நட்ட கன்று எதுவானாலும் தையில் பச்சையாகத்தான் நிற்கும். மழை, மண்ணில் இருக்கும் உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும், கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் இனிக்கும், வெயிலும் அடங்கியிருக்கும். அதைப் பார்த்து ‘இந்தச் செடி நம்ம மண்ணுக்கு ஒத்துக்கிருச்சு’ என்று முடிவு கட்டி, அதே செடியில் இன்னும் பத்து வாங்கி வைப்பது இந்த ராமநாதபுரக் கரை முழுக்க நடக்கிறது. ஆனி, ஆடியில் அத்தனையும் விளிம்பு கருகி நிற்கும்போது பழி நாற்றுப்பண்ணை மேல் விழுகிறது. பெரும்பாலும் நாற்றில் குறை இருக்காது. தைமாதத்துச் செடியைப் பார்த்து முடிவு எடுத்ததுதான் குறை.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். மீதி மாதங்களில் செடி கிணற்றை நம்பி நிற்கிறது. ஆகவே வேரில் ஏறும் உப்பு, இலையில் படியும் உப்பு, நீண்ட வறட்சி ஆகிய மூன்றையும் கடந்த செடியைத்தான் இங்கே நம்பலாம். கீழே உள்ள வேலையில் தெருவை நடந்து பார்ப்பது ஆடியில்; சோதனை புரட்டாசியில் தொடங்கி அடுத்த புரட்டாசியில் முடிகிறது.

வீடு எந்தக் கடலைப் பார்க்கிறது

தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வடகடல் என்கிற பாக் நீரிணை. கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தென்கடல் என்கிற மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்தில் ஒரே ஊருக்குள் இரண்டும் உண்டு. இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளாமல் செடிப் பட்டியல் போடுவது வீண் வேலை.

வாடைக் காற்று வடகடல் வீடுகளை மழைக்காலத்தில் தாக்குகிறது. அது கொண்டுவரும் உப்புத் துளியை அடுத்த மழையே இலையிலிருந்து கழுவிவிடும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அப்படியில்லை. வைகாசி தொடங்கி ஆவணி வரை காய்ந்த காற்றாக அடிக்கும். இலையில் படிந்த உப்பு அங்கேயே காய்ந்து, இரவுப் பனியில் கரைந்து, மறுநாள் உள்ளே இறங்கும். தென்கடல் பக்கம் நின்ற செடியை வடகடல் பக்கம் நம்பி வைக்கலாம். மறுதலையாக வைப்பதற்கு முன் ஒரு கச்சான் பருவம் முழுக்கப் பார்த்தாக வேண்டும்.

தண்ணீரை அளப்பது

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் கையடக்க டிடிஎஸ் மீட்டர் ஒன்று போதும். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. சந்தையில் இரண்டு வகை அளவுகோலில் மீட்டர்கள் வருகின்றன. சோதிக்க ஒரு வழி: ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் சரியாக ஒரு கிராம் தூள் உப்பைக் கரைத்து மீட்டரை விடுங்கள். ஒரு கிராம் நிறுக்கத் தராசு இல்லையென்றால் ஐந்து லிட்டருக்கு ஐந்து கிராம் என்று போடலாம். 1000 ஒட்டிக் காட்டினால் அந்த மீட்டரின் எண்ணை 500 ஆல் வகுத்தால் உப்பு கூடக் கூடக் கூடும் மின்கடத்துதிறன் (டெசிசீமன்ஸ் கணக்கில்) வந்துவிடும். 1400 ஒட்டிக் காட்டினால் அது மற்ற வகை. 700 ஆல் வகுக்க வேண்டும். இதைக் கவனிக்காததால் ஒரே கிணற்றுக்கு இரண்டு வீட்டில் இரண்டு கணக்கு வருகிறது.

இனி வரும் பிபிஎம் எண்கள் (மீட்டர் காட்டும் எண்கள்) முதல் வகை மீட்டருக்கானவை. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகு பிடித்த தண்ணீரை அளக்கவும். மாசியில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை. ஆனி எண்ணைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

மணற்பாங்கான கரையில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. ஆழம் கூடக் கூட உப்பும் கூடும். நல்ல தண்ணீர் வேண்டுமென்று ஆழ்துளைக் கிணற்றை இன்னும் இறக்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். ஆழமில்லாத உறை கிணறும், ஒரே மூச்சில் இறைக்காமல் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதும்தான் இங்கே ஏற்றது.

மண்ணில் எந்த அளவு உப்புக்கு மேல் விளைச்சல் குறையத் தொடங்கும் என்பதற்கு நிலையான கணக்கு உண்டு. டெசிசீமன்ஸில் சொன்னால் பீன்ஸ், கேரட் 1, வெங்காயம் 1.2, மிளகாய் 1.5, தக்காளி, வெள்ளரி 2.5, பீட்ரூட் 4, காராமணி ஏறத்தாழ 5, கொத்தவரை 8-க்கும் மேல். வழக்கமாக நீர் பாய்ச்சும் பாத்தியில் மண்ணின் உப்பு, பாய்ச்சும் தண்ணீரைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கில் வந்து நிற்கும். அதாவது மீட்டரில் 500 காட்டும் தண்ணீரிலேயே மிளகாய் தன் எல்லையில் நிற்கிறது. 1000 காட்டினால் தக்காளி தடுமாறும். 2000-க்கு மேல் போனால் அந்தத் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்குக் காட்டவே வேண்டாம், மரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மண்

ஒரு டம்ளர் மண், இரண்டு டம்ளர் ஆர்ஓ தண்ணீர் அல்லது மழைநீர். நன்றாகக் கலக்கி அரை மணி தெளியவிட்டு அளக்கவும். மேல் இரண்டு விரல் ஆழத்து மண்ணைத் தனியாகவும், ஒரு அடிக்குக் கீழே எடுத்ததைத் தனியாகவும் அளப்பது முக்கியம். கோடையில் மேல்மண் கூடுதலாகக் காட்டினால் கீழிருந்து உப்பு ஏறி மேலே தங்குகிறது என்று பொருள். சருகு பரப்பி மண்ணை மூடி மூடாக்குப் போட்டால் அது அடங்கும். இரண்டு இடமும் 500-க்குள் இருந்தால் கவலையில்லை.

அடுத்து ஒரு கைப்பிடி மண்ணில் வினிகரை விடுங்கள். நுரைத்தால் சிப்பித் தூள், அதாவது சுண்ணாம்பு, மண்ணில் இருக்கிறது. இப்படிப்பட்ட மணலுக்கு ஜிப்சம் போடச் சொல்வது பயனில்லாத வைத்தியம். ஜிப்சம் வேலை செய்வது நீர் இறங்காமல் இறுகிப்போன களர் மண்ணில். கடற்கரை மணலில் கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே உப்பு தண்ணீரோடுதான் இறங்கும். ஐப்பசிக்கு முன் பாத்திக்கு முக்கால் அடி உயர வரப்பு எடுத்து மழையை அங்கேயே நிறுத்தினால் போதும். ஒரு அடி மண் வழியாக ஒரு அடித் தண்ணீர் இறங்கினால் அந்த மண்ணின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் கீழே போய்விடும்.

மணலுக்கு உடம்பு கொடுக்கக் கண்மாய்க் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல், நல்லது. ஆனால் கடலை ஒட்டிய கண்மாய்களில் கரம்பையே உப்பாக இருக்கும். வண்டி இறக்குவதற்கு முன் அதே டம்ளர் சோதனை செய்து பாருங்கள். தென்னைநார்க் கழிவும் அப்படித்தான்: மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கரை ஒதுங்கும் கடற்பாசியை ஒரு மழை முழுக்க நனையவிட்டு மக்க வைத்தால் அருமையான உரம். கருவாட்டுக் கழிவை மட்டும் எந்தச் செடிக்கும் போடாதீர்கள். அதில் மீனைவிட உப்புதான் வேலை செய்யும்.

தெருவை நடந்து பார்ப்பது

மூன்று நாள் வேலை. ஓராண்டுச் சோதனையில் பாதியை இதுவே மிச்சப்படுத்தும். நடவுக்கு முந்தைய ஆடியில் நடக்க வேண்டும். வீட்டிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், கடலிலிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரமோ அதே தூரத்தில் இருக்கும் பழைய வீடுகள், பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூட வளாகங்களைப் பாருங்கள். ஆள் கவனிக்காமல் விட்ட செடிதான் அதிகம் சொல்லும்.

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டியவை நான்கு: மரத்துக்கு எத்தனை வயது, எந்தத் தண்ணீர், கன்றில் மறைப்புக் கட்டினார்களா, காய்க்கிறதா. இரண்டாவது கேள்வியில்தான் ஏமாறுவோம். ‘ஆத்தா, இந்த எலுமிச்சைக்குக் கிணத்துத் தண்ணியா பாச்சுறீக?’ என்று கேட்டால், ‘தண்ணியே பாச்சுறதில்லப்பா, அதுபாட்டுக்கு நிக்குது’ என்று பதில் வரும். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால் பாத்திரம் கழுவும் தண்ணீர் அதன் தூரில் போய் விழும். அது குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர். அந்த எலுமிச்சை கடற்கரைக்குத் தேறியது என்று எழுதினால் பட்டியல் முழுக்கப் பொய்யாகிவிடும்.

இலையைப் படிக்கவும் பழக வேண்டும். கிளையின் அடியிலிருக்கும் முதிர்ந்த இலை ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நுனியில் தொடங்கி இரு விளிம்பிலும் காப்பிப்பொடி நிறத்தில் ஒரு பட்டை ஓடி, அதற்கும் பச்சைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு இருந்தால் உப்பு வேர் வழியாக ஏறியிருக்கிறது. மரத்தைச் சுற்றி வந்து பாருங்கள். எல்லாப் பக்கமும் அதே மாதிரி இருக்கும். கடல் பார்த்த பக்கம் மட்டும் கருகி, வீட்டைப் பார்த்த பக்கம் கொழுகொழுவென்று இருந்தால் அது காற்றின் உப்பு. மறைப்பு வைத்தால் தீரும். துளிர் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் உப்பே காரணமில்லை. சுண்ணாம்பு மண்ணில் வேருக்கு இரும்புச்சத்து எட்டவில்லை. இந்த மூன்றையும் ‘உப்புக் காத்து’ என்ற ஒரே பெயரில் ஒதுக்குவதால் காப்பாற்றக்கூடிய செடிகள் பல போகின்றன.

இரும்புக் குறைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் சிட்ரிக் அமிலத்தை முதலில் கரைத்து, அதன் பிறகு ஐந்து கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) சேர்த்து, அன்று மாலையே இலையில் தெளிக்கவும். கிணற்றுத் தண்ணீரில் கலக்கினால் சற்று நேரத்தில் துருப்பிடித்த நிறமாகிவிடும். அப்படியானால் கொட்டிவிட வேண்டியதுதான். மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீரே பயன்படும்.

சோதனை நடவு

தெருவில் தேறிய செடிகளில் ஐந்தாறு வகை மட்டும் எடுங்கள். வகைக்கு ஆறு கன்று: இரண்டு காற்று நேரே அடிக்கும் இடத்தில், இரண்டு வீட்டுச் சுவரின் மறைவில், இந்த நான்குக்கும் கிணற்றுத் தண்ணீர். மீதி இரண்டும் மறைவிலேயே, குடிநீரில். குடிநீர்க் கன்றும் வாடினால் குறை தண்ணீரில் இல்லை. நாற்றிலோ குழியிலோ இருக்கிறது. இந்த இரண்டு கன்றை வீண் செலவென்று தவிர்த்தால் கடைசியில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மதுரைப் பக்கமிருந்து வரும் கன்றுகள் செம்மண் உருண்டையோடு வருகின்றன. அதை அப்படியே மணலில் இறக்கினால், பாய்ச்சிய தண்ணீர் சுற்றியுள்ள மணல் வழியே ஓடிவிடும். உருண்டை உள்ளே காய்ந்தே கிடக்கும். வேரும் செம்மண்ணை விட்டு வெளியே வராது. நடுவதற்கு முன் உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முக்கி, வெளிப்பக்கச் செம்மண்ணில் பாதியை விரலால் உதிர்த்துவிட்டு, சுருண்ட வேர்களைப் பிரித்துவிட வேண்டும்.

மரக்கன்றுக்குக் குழி இரண்டு அடிக்கு இரண்டு அடி, ஆழமும் இரண்டு அடி. அடியில் ஊறவைத்த தேங்காய் உரிமட்டை இரண்டு அடுக்கு, நார்ப்பக்கம் மேலே பார்க்க. அதன்மேல் மூன்று பங்கு மணல், ஒரு பங்கு கரம்பை, ஒரு பங்கு மக்கிய எரு, கால் கிலோ வேப்பம்புண்ணாக்கு.

தண்ணீரைப் பழக்குவதிலும் அவசரம் கூடாது. முதல் வாரம் குடிநீர் மட்டும். இரண்டாம் வாரம் மூன்று பங்கு குடிநீருக்கு ஒரு பங்கு கிணறு. மூன்றாம் வாரம் பாதிக்குப் பாதி. நான்காம் வாரம் முழுக்கக் கிணறு. தினமும் ஒரு செம்பு ஊற்றுவது மிகக் கெட்ட பழக்கம். அந்த ஈரம் அரை அடிக்குள் நின்று ஆவியாகி, உப்பை வேரருகிலேயே விட்டுப்போகும். மூன்று நாளுக்கு ஒரு முறை, வேர்ப்பரப்பைத் தாண்டி இறங்கும்படி ஊற்றுங்கள். செடிக்குத் தேவையானதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக. இலைமேல் படக் கூடாது.

விதைக்குத் தனிச் சோதனை. இருபது விதை கிணற்றுத் தண்ணீர் நனைத்த துணியில், இருபது மழைநீர்த் துணியில். முளைப்பு பாதியாகக் குறைந்தால் நாற்றை நல்ல தண்ணீரில் வளர்த்து நடுவதே வழி.

மறைப்புக்குப் பனையோலைத் தட்டியை நெருக்கமாக வேயாமல் பாதிக்குப் பாதி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஆறடித் தட்டி முப்பது அடி வரை காற்றை நன்றாகத் தணிக்கும். கல் சுவர் அப்படிச் செய்யாது. காற்று மேலேறித் தாவி உள்ளே சுழன்று விழும்.

பதிவுக்கு ஒரு செடிக்கு ஒரு வரி: எங்கிருந்து வந்தது, நட்ட நாள், தண்ணீரின் பிபிஎம், காற்று முகமா மறைவா, துளிர் உண்டா. பிறகு முதிர்ந்த இலை இருபதை எண்ணி, அதில் கால்பங்குக்கு மேல் கருகியவை எத்தனை. தை, பங்குனி, ஆனி, ஆடி, புரட்டாசி என்று ஐந்து முறை எண்ணுங்கள். ஆடியில் இருபதில் நான்குக்குள் நின்றால் அந்த இடத்துக்குத் தேறியது. பத்து வரை மறைவில் மட்டும். அதற்கு மேல் என்றால் கைவிடுங்கள். சோதனைச் செடியின் இலையை நல்ல தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், பரிதாபமாக இருந்தாலும்.

நம்பி வைக்கக்கூடியவை

கடல் பார்த்த முதல் வரிசைக்குப் பூவரசை மிஞ்ச ஆளில்லை. மணிக்கட்டுப் பருமனில் ஆறடிப் போத்தை (கிளைத்துண்டை) வெட்டி, ஐப்பசி ஈரத்தில் ஒன்றரை அடி இறக்கி, மேல்வெட்டில் சாணம் அப்பினால் போதும். புன்னையும் அதற்கு இணைதான், வளர்ச்சி மெல்ல. இடையில் அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி. இவற்றில் அரளியையும் நித்தியகல்யாணியையும் ஆடு தொடாது; இந்த ஊர்களில் அது சிறிய நன்மையில்லை. ஆனால் இரண்டும் நஞ்சு, குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். வேலிக்கு வெளியே மணலில் தானாகப் படர்ந்த அடம்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் களையென்று பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்து வைப்பவை அவைதான்.

சீமைக்கருவேலும் எல்லாச் சோதனையிலும் தேறும். தேறினாலும் வளவுக்குள் அதற்கு இடமில்லை. பக்கத்துச் செடி எதையும் வாழவிடாது.

பழத்துக்குச் சப்போட்டா. வேர் உப்பு, காற்று உப்பு இரண்டையும் நன்றாகத் தாங்கும். ஒட்டுக் கன்றுகள் பாலை மரக் கன்றின் மேல் கட்டப்படுகின்றன. பாலை இந்த வறண்ட கரைக்காட்டு மரமாதலால் வேர் நமக்குச் சாதகம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதையெல்லாம் உடனே கிள்ள வேண்டும், இல்லையென்றால் சப்போட்டா போய்ப் பாலையே மிஞ்சும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் நிற்கட்டும். சின்ன வளவுக்குப் பெரியகுளத்து பிகேஎம் 1 என்ற சப்போட்டா வகை அடக்கமாக வளரும்.

முருங்கை மணலுக்குப் பிறந்தது, ஆனால் கச்சானில் முறியும், மழையில் தூரில் நீர் தேங்கினால் அழுகும். விதை வகையான பிகேஎம் 1 முருங்கை என்றால் இரண்டரை அடியில் நுனியைக் கிள்ளிவிட்டுக் குட்டையாக வளருங்கள். பல ஆண்டுக்கு வேண்டுமானால் தெருவில் நிற்கும் பழைய மரத்தின் போத்தையே கேட்டு வாங்குவது மேல்.

மாதுளை, கொய்யா, நெல்லி ஆகியவை இரண்டாம் வரிசையில், தட்டியின் மறைவில். இலந்தையும் கொடுக்காப்புளியும் மறைவு கேட்காது. மா, வாழை, எலுமிச்சை, கறிவேப்பிலை நான்கும் சமையலறைத் தண்ணீர் போகும் வாய்க்காலை ஒட்டி மட்டும்.

முண்டு மிளகாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்துப் பயிர் என்பதால் உப்புத் தண்ணீரையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மானாவாரிப் பயிர். ஐப்பசி மழையில் முளைத்து, மண்ணின் மிச்ச ஈரத்தில் மாசி, பங்குனியில் பழுக்கும். வீட்டிலும் அந்தக் காலத்திலேயே வைத்தால் நன்றாக வரும். சித்திரையில் நட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதன் பெயர் காப்பாற்றாது. கோடைப் பாத்தியைக் கொத்தவரைக்கும் காராமணிக்கும் கொடுங்கள். தக்காளி, கத்தரி, கீரை எல்லாம் கார்த்திகையிலிருந்து மாசிக்குள்.

குண்டுமல்லியும் இதே போல. தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று வெளியூர்களுக்கெல்லாம் போகிறது. அது தீவு மணலின் மேலடுக்கு நன்னீரில் வளர்வது. மீட்டர் ஆயிரம் காட்டும் கிணற்றை நம்பி வைத்தால் இலை சிறுத்துப் பூ நின்றுவிடும். நல்ல தண்ணீர் உள்ள வீட்டில் ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் வைத்து, நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் கவாத்து செய்யுங்கள். சுண்ணாம்பு மணலில் துளிர் வெளுக்கும்போது மேலே சொன்ன அன்னபேதிக் கரைசலைப் பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தெளித்தால் பச்சை திரும்பும்.

புரட்டாசியில் கடைசி எண்ணிக்கை முடிந்ததும், தேறிய செடியின் போத்தையோ விதையையோ அந்தச் செடியிலிருந்தே எடுத்து அடுத்த நடவுக்குப் பயன்படுத்துங்கள். அதே பெயரில் வேறொரு பண்ணையிலிருந்து வாங்கினால் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பொட்டலத்தின் மேல் செடி நின்ற இடம், அந்த ஆண்டு ஆனி மாதத் தண்ணீரின் பிபிஎம், ஆடியில் கருகிய இலைக் கணக்கு மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள்; பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும்போதும் அந்தச் சீட்டோடு கொடுங்கள்.